உங்கள் மகளுக்குத் திடீர்னு நெஞ்சு படபடக்குதா?

“டாக்டர்... ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தம்னு எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தாச்சு. எல்லாமே நார்மல்னுட்டாங்க. ஆனா, பொண்ணு மட்டும் நார்மலா இல்லே!”

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி, மாதத்துக்கு இரண்டு மூன்று அம்மாக்களாவது என்னிடம் சொல்லிவிடுகிறார்கள். கையில் கனமான ஃபைல் இருக்கும். பக்கத்தில் தலையைக் குனிந்தபடி, பிளஸ் ஒன்னோ பிளஸ் டூவோ படிக்கிற மகள். அப்பா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, “ஒண்ணுமில்லே டாக்டர்... எல்லாம் படிக்கச் சோம்பேறித்தனம். பரீட்சை வந்தா மட்டும் வருது பாருங்க!” என்பார். பாட்டியும் கூட வந்திருந்தால், அவருக்குத் தனியாக ஒரு அபிப்பிராயம் உண்டு. “உச்சி வெயில்ல தனியா டியூஷன் போயிட்டு வந்தா. எதையோ பார்த்துப் பயந்திருக்கா. மந்திரிச்சுக் கயிறு கட்டினா சரியாப் போயிடும்.”

மூன்று பேருமே அந்தப் பெண் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால், “உனக்கு என்னம்மா பண்ணுது?” என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். வந்தால், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“திடீர்னு நெஞ்சு டம் டம்னு அடிச்சுக்குது டாக்டர். மூச்சு உள்ளேயே போக மாட்டேங்குது. கை விரல் எல்லாம் மரத்துப்போகுது. அப்படியே செத்துப்போயிடுவேனோன்னு தோணுது. யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க...”

இதைத்தான் ‘பேனிக் அட்டாக்’ என்கிறார்கள். நம் தமிழில் ‘திடீர் பீதி’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் நடிக்கவில்லை. அவளுக்கு வருகிற படபடப்பு நிஜம். மூச்சு முட்டலும் நிஜம். அதே சமயம், அவள் உயிருக்கு அதனால் ஆபத்தும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து நம்புவதற்குத்தான் நம் வீடுகளில் சிரமப்படுகிறார்கள். ஒன்று, ‘நடிக்கிறா’ என்கிறார்கள். இல்லாவிட்டால், ‘ஐயோ, பிள்ளைக்கு ஹார்ட்ல என்னமோ!’ என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீதி வந்த அந்த அரை மணி நேரம் தானாகவே கடந்து போய்விடும். அதற்கு அடுத்து வருகிற நாட்களில் வீட்டில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான், அந்தப் பெண் மறுபடி ஸ்கூலுக்குப் போவாளா, வீட்டுக்குள்ளேயே முடங்குவாளா என்பது முடிவாகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பரீட்சை பயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அது மெள்ள மெள்ள ஏறும்; பரீட்சை முடிந்ததும் இறங்கும். திடீர் பீதி அப்படி இல்லை. டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது வரலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வரலாம். நல்ல தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டுக்கூட வரலாம். வந்த சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போய்விடும். பிறகு, பெரும்பாலும் இருபது முப்பது நிமிடங்களில் அடங்கிவிடும். அதன் பின் பெண் துவண்டுபோய்ப் படுத்துவிடுவாள்.

மனநல மருத்துவர்கள் 2013-ல் திருத்தி வெளியிட்ட நோய்ப் பட்டியலில், இதற்கு 13 அறிகுறிகளைச் சொல்கிறார்கள். அவை:

1. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளுதல்
2. வியர்த்துக் கொட்டுதல்
3. உடம்பு நடுங்குதல்
4. மூச்சு முட்டுதல்
5. தொண்டையை அடைப்பது போலிருத்தல்
6. நெஞ்சு வலி அல்லது நெஞ்சைப் பிசைதல்
7. வயிற்றைப் பிரட்டுதல்
8. தலைசுற்றல், கிறுகிறுப்பு
9. திடீர்க் குளிர் அல்லது உடம்பெல்லாம் சூடு
10. கை, கால், உதடு மரத்துப்போதல்
11. சுற்றி நடப்பதெல்லாம் கனவு போல, தான் தானாக இல்லாதது போல ஓர் உணர்வு
12. ‘பைத்தியம் பிடிச்சிடுமோ’ என்ற பயம்
13. ‘செத்துப்போயிடுவேனோ’ என்ற பயம்

திடீரென்று பயம் பொங்கி வரும்போது, இவற்றில் நான்கு அல்லது அதற்கு மேல் சேர்ந்து வந்தால் அது பேனிக் அட்டாக்.

வாழ்க்கையில் ஒரு தடவை, இரண்டு தடவை இப்படி வந்து போவது நிறையப் பேருக்கு உண்டு. அதை நோய் என்று சொல்லிவிட முடியாது. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, ‘மறுபடி எப்போ வருமோ’ என்ற கவலையிலேயே ஒரு மாதம் போனாலோ, அந்தப் பயத்தால் அவள் தன் பழக்க வழக்கங்களையே மாற்றிக்கொண்டாலோதான் அதைத் தனி நோயாக எடுத்துக்கொண்டு சிகிச்சை செய்ய வேண்டும்.

ஒரு முக்கியமான குறிப்பு... டீன் ஏஜ் பெண்கள் பல பேர் ‘பயமா இருக்கு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘வயித்து வலி’ என்பார்கள். ‘வாந்தி வர்ற மாதிரி இருக்கு’ என்பார்கள். பிரேயர் நேரத்தில் ‘பாத்ரூம் போகணும்’ என்று ஓடுவார்கள். ‘தலை சுத்துது, வீட்டுக்குப் போகணும்’ என்று ஸ்கூலிலிருந்து போன் வரும். இதெல்லாம் ஒரே மாதிரி நேரத்தில், ஒரே மாதிரி இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால், கொஞ்சம் உட்கார்ந்து யோசியுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வீட்டில் நாய் வளர்க்கிறீர்கள். திருடன் வந்தால் குரைக்கும். பால்காரர் வந்தாலும் குரைக்கும் சில நாய்கள். நாய் மேல் தப்பில்லை. காவல் காப்பது அதன் வேலை. ஆள் அடையாளம்தான் பிசகிப்போகிறது.

நம் உடம்பிலும் அப்படி ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். ‘சண்டை போடு, இல்லே ஓடு!’ என்று உடம்பு தயாராகும். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர், 1915-ல் வெளியான தன் நூலில் இதை விரிவாக விளக்கினார். ஓடுவதற்குக் காலுக்கு ரத்தம் வேண்டும் அல்லவா? அதனால் இதயம் வேகமாக அடிக்கும். காற்று நிறைய வேண்டும். அதனால் மூச்சு வாங்கும். சூடு ஏறும் உடம்பைத் தணிக்க வியர்க்கும். சாப்பாட்டைச் செரிப்பது இப்போது அவசரமில்லை. அதனால் வயிறு பிரட்டும்.

எதிரே புலி நின்றால் இதெல்லாம் உயிரைக் காப்பாற்றும். கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இது கிளம்பினால் என்ன ஆகும்? ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. உடம்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்!

இன்னொன்றும் நடக்கிறது. பயத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது, ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியே போய்விடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊறுவது போல இருக்கிறது. சில பெண்களுக்குக் கை விறைத்து, விரல்கள் உள்நோக்கி மடங்கிக்கொள்ளும். உடனே வீட்டில், ‘வலிப்பு வந்துட்டுது!’ என்று இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நிதானத்துக்கு வந்ததும் கை தானாகவே விரிந்துகொள்ளும். பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடும்!

சரி, ஆரம்பித்த படபடப்பு ஏன் இவ்வளவு பெரிதாகிறது? இங்கிலாந்தைச் சேர்ந்த உளவியல் நிபுணர் டேவிட் கிளார்க் 1986-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இன்றைக்குக் கொடுக்கப்படும் பேச்சு சிகிச்சைக்கு அதுதான் அஸ்திவாரம். மாடிப்படி ஏறியதாலோ, காபி குடித்ததாலோ, பசியாலோ நெஞ்சு கொஞ்சம் படபடக்கிறது. ‘ஐயோ, எனக்கு என்னமோ ஆகப்போகுது’ என்று மனசு அதற்குத் தப்பாக அர்த்தம் எடுத்துக்கொள்கிறது. அந்த நினைப்பால் பயம் கூடுகிறது. பயம் கூடியதால் படபடப்பு கூடுகிறது. ‘பார்த்தியா... நான் நினைச்சது சரிதான்!’ என்று மனசு இன்னும் பயப்படுகிறது. செக்கு மாடு போல இப்படியே சுற்றிச் சுற்றி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடுகிறது.

ஏன் இந்த வயசில்? ஏன் பெண்களுக்கு?

சின்னக் குழந்தைகளுக்குத் திடீர் பீதி வருவது அபூர்வம். வயதுக்கு வருகிற பருவத்தில்தான் தலைகாட்ட ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவிகள் 754 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 1992-ல் வெளிவந்தது. பூப்பு வளர்ச்சி இன்னும் தொடங்காத சிறுமிகளிடம் பேனிக் அட்டாக் காணப்படவில்லை. வளர்ச்சி முழுமையடைந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது வந்திருந்தது. வயது ஒன்றாகவே இருந்தாலும், உடம்பில் வளர்ச்சி முன்னே போனவர்களிடம்தான் இது அதிகம். பெரியவர்கள் ஆன பிறகும், ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக இந்த நோய் வருகிறது.

உடம்பு மாறுகிற அதே சமயத்தில்தான் நம் வீடுகளில் பெண்ணுக்கு மற்ற எல்லாமும் மாறுகின்றன. ‘இனிமே துள்ளிக் குதிக்காதே’, ‘சத்தமாச் சிரிக்காதே’, ‘தனியாப் போகாதே’ என்ற கட்டளைகள் வருகின்றன. விளையாட்டு நின்றுபோகிறது. கூடவே பொதுத்தேர்வு, நீட், மார்க் என்று பாரம். காலையில் நாலு மணிக்கு எழுந்து டியூஷன், ராத்திரி பன்னிரண்டு மணிவரை படிப்பு, அதற்குப் பிறகு போர்வைக்குள் செல்போன். தூக்கம் விழித்திருக்க இரண்டு மூன்று தம்ளர் காபி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓட்டம். இதில் எது ஒன்றும் தனியாக நோயைக் கொண்டுவந்துவிடாது. ஆனால், காவல் நாயைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதற்கு இது போதும். சில பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தின வாரத்தில் இந்தப் படபடப்பு கூடுவதும் உண்டு.

இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விட முடியாது. பஸ்ஸில் ஒருவன் தொடுகிறான்... டியூஷனில் ஒருவர் வழிகிறார்... உறவுக்காரர் ஒருவரே அத்துமீறுகிறார்... போட்டோவை வைத்துக்கொண்டு போனில் ஒருவன் மிரட்டுகிறான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு இடத்துக்குப் போகும் முன்போ, குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு வரும்போதோ மட்டும் படபடப்பு வந்தால், அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அப்பாவையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அவள் சொன்னால், “நீ ஏன் அங்கே போனே?” என்ற கேள்வி மட்டும் வேண்டாம். “நீ சொன்னது நல்லதாப் போச்சு. உன் மேல எந்தத் தப்பும் இல்லே” என்று சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைக் காக்க, 2012-ல் கொண்டுவந்த போக்ஸோ சட்டம் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

முதல் தடவை வந்தால் பரிசோதனை அவசியம்

‘இது வெறும் பயம்தான்’ என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் தடவை வந்ததும் ஒரு டாக்டரிடம் காட்டிப் பரிசோதித்துவிட வேண்டும். ஏனென்றால், இதே போலப் படபடப்பைக் கொடுக்கும் வேறு சில கோளாறுகளும் இருக்கின்றன.

முதலாவது, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேல்! கண் இமையின் உள்பக்கம் வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்ணுக்கு முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். அடுத்தது, தைராய்டு அதிகமாகச் சுரப்பது. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், கை நடுங்கும், வெயில் தாங்காது. மூன்றாவது, ஆஸ்துமா. மூச்சு விடும்போது ‘விசில்’ சத்தம் கேட்கும். நான்காவது, இதயத் துடிப்பின் மின்சாரக் கோளாறு. சுவிட்ச் போட்டது மாதிரி திடீரென ஆரம்பித்து, நிமிடத்துக்கு 180, 200 என்று அடித்து, சுவிட்ச் அணைத்தது மாதிரி திடீரென நிற்கும். இதைப் பேனிக் அட்டாக் என்று நினைத்து விட்டுவிடுவதும் உண்டு. வருகிற நேரத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும்.

கீழே உள்ளவை இருந்தால், பீதி என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்:

* ஓடும்போதோ விளையாடும்போதோ நெஞ்சு வலித்தல், மயங்கி விழுதல்
* நினைவே இல்லாமல் போதல், நாக்கைக் கடித்துக்கொள்ளுதல், தன்னை அறியாமல் சிறுநீர் போதல்
* உதடு, நகம் நீலம் பாரித்தல்
* குடும்பத்தில் சின்ன வயதிலேயே யாராவது திடீரென்று இறந்திருத்தல்
* ‘நான் உயிரோட இருந்து என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சு

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, அதையே திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். ஐந்தாவது தடவை எக்கோ எடுக்கும்போது, அந்தப் பெண்ணின் மனசில் ‘எனக்கு ஏதோ இருக்கு... அதான் அம்மா மறுபடி மறுபடி கூட்டிக்கிட்டுப் போறாங்க’ என்ற எண்ணம்தான் வேர்விடும்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

* சுற்றி நின்று கூட்டம் போடாதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இறுக்கமான துப்பட்டா, பெல்ட் இருந்தால் தளர்த்துங்கள்.
* நிதானமான குரலில், “இது பயத்தால வர்ற படபடப்பு. ஏற்கெனவே வந்துச்சு, போயிடுச்சு. இப்பவும் போயிடும். நான் இங்கேதான் இருக்கேன்” என்று சொல்லுங்கள். ‘பயப்படாதே’ என்று அதட்டினால் பயம் போகாது.
* “மூச்சை நல்லா இழு, இழு!” என்று சொல்லாதீர்கள். அவள் ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும் வரை நிதானமாக வெளியே விடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே செய்யுங்கள். வயிற்றில் கை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.
* கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள், தொட்டுப் பார்க்கக்கூடிய நாலு பொருள், காதில் விழுகிற மூன்று சத்தம் என்று சொல்லச் சொல்லுங்கள். கவனம் நெஞ்சை விட்டு வெளியே வரும்.
* காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வது பழைய முறை. இப்போது அதைச் செய்யச் சொல்வதில்லை. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து.
* ‘கேஸ் பிராப்ளம்’ என்று சோடாவை வாயில் ஊற்றுவது, முகத்தில் அறைவது, வேப்பிலை அடிப்பது... எதுவும் வேண்டாம். அடங்கிய பிறகு ஒரு தம்ளர் தண்ணீரோ மோரோ கொடுங்கள். போதும்.

“மயங்கி விழுந்துட்டா?” என்று கேட்பார்கள். திடீர் பீதியில் ரத்த அழுத்தம் பெரும்பாலும் கூடுகிறது, குறைவதில்லை. அதனால் மயக்கம் வருவது போலத் தோன்றுமே தவிர, நிஜமாக மயங்கி விழுவது குறைவு. இந்த ஒரு தகவலைச் சொன்னதுமே, பல பெண்களுக்கு முகத்தில் ஒரு தெளிச்சி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில்தான் உண்மையான பரீட்சை!

என்னிடம் வந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவிக்கு முதல் தடவை பஸ்ஸில் வந்தது. ‘பஸ் வேண்டாம்’ என்று அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். இரண்டாவது தடவை வகுப்பில் வந்தது. ‘கடைசி பெஞ்சுல கதவு பக்கத்துல உக்காந்துக்கறேன்’ என்றாள். பிறகு காலைப் பிரேயருக்குப் போவது நின்றது. பிறகு, அம்மா ஸ்கூல் வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். ஆறே வாரத்தில் ஸ்கூலே நின்றுவிட்டது. வீட்டில் இருந்தால் படபடப்பு வரவில்லை. எல்லாரும், ‘வீட்டுல நல்லாத்தானே இருக்கா’ என்றார்கள். ‘பேசாம பிரைவேட்டா எழுதட்டும்’ என்றார் ஒரு உறவினர். ‘சீக்கிரமா ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்’ என்றார் இன்னொருவர்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு படியிலும் வீட்டார் செய்தது அன்பினால்தான். ஆனால் ஒவ்வொரு தடவை ஒதுங்கும்போதும், ‘ஒதுங்கினதாலதான் தப்பிச்சேன்’ என்று அவள் மனசு பாடம் படித்துக்கொண்டது. ‘இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது’ என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அவளை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். ஏற்கெனவே ஏறி வந்த படிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப இறங்க வைத்தார்கள். முதல் வாரம் ஸ்கூல் வாசல்வரை போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வருவது. அடுத்து ஒரே ஒரு பீரியட். அடுத்து அரை நாள். அம்மா வாசலிலிருந்து தெருமுனைக்கு, தெருமுனையிலிருந்து வீட்டுக்கு. நடுவில் இரண்டு தடவை படபடப்பு வந்தது. எழுந்து ஓடாமல், பெஞ்சிலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். அது தானாகவே அடங்கியது. முழுப் பரீட்சையும் எழுதினாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆகவே, பீதி வந்த மறுநாள் பெண்ணை வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள். ‘போய்த்தான் ஆகணும்’ என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம். “கொஞ்ச நேரமாவது போயிட்டு வா. வகுப்பு டீச்சர்கிட்ட நான் பேசறேன்” என்று சொல்லுங்கள். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, படபடப்பு வந்தால் வகுப்பிலேயே இரண்டு நிமிஷம் கண்மூடி உட்கார அனுமதி வாங்குங்கள்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

‘பேனிக் அட்டாக்’ என்ற பெயரில் நம் ஏடுகளில் ஒரு நோய் கிடையாது. ஆனால் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் வளி மிஞ்சினால் நடுக்கம், மரத்துப்போதல், தூக்கமின்மை, மனம் ஒரு நிலையில் நில்லாமை வரும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பத்து வாயுக்களில் பிராணன் மூச்சை நடத்துகிறது. மூச்சு தடுமாறினால் மனமும் தடுமாறும், மனம் தடுமாறினால் மூச்சும் தடுமாறும் என்பதே நம் முன்னோர் கண்ட கணக்கு.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, பதினான்கு வேகங்கள் என்ற பாடம் உண்டு. அடக்கக் கூடாத இயற்கை உந்துதல்கள் அவை. சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதில் வரும். கண்ணீரும் அந்தப் பட்டியலில் ஒன்று! அழுகிற பெண்ணை, ‘அழாதே, வாயை மூடு’ என்று அடக்குவதை நம் மருத்துவம் ஆதரிக்கவில்லை. இன்றைய மாணவியின் ஒரு நாளைப் பாருங்கள். பசியை அடக்குகிறாள், தூக்கத்தை அடக்குகிறாள், ஸ்கூலில் பாத்ரூம் சரியில்லை என்று சிறுநீரை அடக்குகிறாள், வீட்டில் கண்ணீரை அடக்குகிறாள்.

அதனால் வாழ்க்கை முறையைச் சரிசெய்வதில்தான் நான் ஆரம்பிப்பேன். எட்டு மணி நேரத் தூக்கம். காலையில் கட்டாயம் ஏதாவது ஆகாரம். காபி, டீ ஒரு வேளையோடு சரி. சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம். முருங்கைக்கீரை, கம்பு, பேரீச்சை, கூடவே நெல்லிக்காய். நெல்லியில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய்க் குளியல். அன்று பெண்ணின் தலையில் அம்மா எண்ணெய் தேய்க்கும் அந்தப் பத்து நிமிஷத்தில், கேட்காமலே பல விஷயங்களை அவள் சொல்வாள். தினமும் அரை மணி நேரம் விளையாட்டோ நடையோ. நெஞ்சு வேகமாக அடிப்பது சாதாரண விஷயம்தான் என்று உடம்புக்குப் பழக்கப்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

மருந்து? வல்லாரை, அமுக்கரா என்று பெயர் தெரிந்ததை எல்லாம் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அமுக்கரா, தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. அபூர்வமாகக் கல்லீரலையும் பாதிக்கலாம். மூலிகைதானே என்று அலட்சியம் கூடாது. நாடியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து, முறைப்படி படித்த சித்த மருத்துவர் கொடுத்தால் மட்டும் சாப்பிடலாம். வேறு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மனநல மருத்துவரிடம் எப்போது?

திரும்பத் திரும்ப வந்தால், ஸ்கூல் நின்றுபோனால், தூக்கம் கெட்டுப்போனால் தயங்காமல் போங்கள். இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தப்பான அர்த்தத்தைத் திருத்தி, ஒதுங்கிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பக் கூட்டிச் செல்லும் பேச்சு சிகிச்சைதான் முதலாவது. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அதை இடையில் நீங்களாக நிறுத்தக் கூடாது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

அம்மாக்கள் கேட்கும் சில சந்தேகங்கள்

“மனநல டாக்டர்கிட்ட போனது வெளியில தெரிஞ்சா, நாளைக்குக் கல்யாணம் ஆகுமா?”

ஸ்கூலை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரவைத்தால் ஊருக்கே தெரியும். நாலைந்து மாதம் சிகிச்சை எடுத்து நன்றாகிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மருத்துவர் ரகசியம் காக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது.

“கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?”

தாராளமாக. மனசுக்கு ஆறுதல் தரும் எதையும் நான் தடுக்க மாட்டேன். ஆனால் அடிப்பது, சங்கிலி போடுவது, பட்டினி போடுவது இருக்கும் இடத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். மருத்துவத்தையும் நிறுத்தாதீர்கள்.

“எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி வந்திருக்கு டாக்டர். யார்கிட்டேயும் சொன்னதில்லே. என்கிட்டேயிருந்து வந்திருக்குமோ?”

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான். அதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அதை மகளிடம் சொல்லுங்கள். “எனக்கும் வந்துச்சுடி. இப்போ உன் முன்னாடி நல்லாத்தானே நிக்கறேன்!” என்று நீங்கள் சொன்னால், அதைவிடப் பெரிய தைரியம் அவளுக்கு வேறு யாரால் கொடுக்க முடியும்?